கண் கலங்காத குற்றம்

ஒரு மனிதன் சனிக்கிழமை சினிமாவுக்குப் போவதில் தவறில்லை. ஞாயிற்றுக்கிழமை அதை மறந்துவிடுவதிலும் தவறில்லை என்று குடிநீர் வழங்கல் துறையின் புகார்ப் பிரிவு எழுத்தர் ஒருவர் நம்பிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடப் பணிக்காலத்தில் அந்த நம்பிக்கைக்கு எந்தக் குந்தகமும் வரவில்லை. படம் பார்ப்பார், வீட்டுக்கு வருவார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், படுத்துவிடுவார். எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், "பரவாயில்லை" என்பார். சாப்பாட்டைக் கேட்டாலும் பரவாயில்லைதான், மழையைக் கேட்டாலும் பரவாயில்லைதான். கல்யாணத்துக்கு முன்னால் மனைவியை முதன்முதலாகப் பார்த்துவிட்டு வந்தபோதும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னார். யாரோ அதை அப்படியே பெண் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. மார்க் போடும்போதுகூட அந்த வார்த்தையை அவர் எழுதுவதில்லை.

அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பரவாயில்லையார் என்று ஆகிவிட்டது.

ஆனால் காலம் மாறியது. படம் பார்ப்பது பெரிய விஷயமில்லை, பார்த்தவருக்கு என்ன ஆனது என்பதுதான் விஷயம் என்றாகிவிட்டது. தொண்டை அடைத்திருக்க வேண்டும். உடம்பு சிலிர்த்திருக்க வேண்டும். இரண்டு நாள் சோறு இறங்கியிருக்கக் கூடாது. இதில் ஏதாவது ஒன்று நடந்ததைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் பத்துப் பேரிடம் சொல்லியும் இருக்க வேண்டும். ஒன்றும் ஆகாமல் தியேட்டரை விட்டு வந்தவன், டிக்கெட் வாங்கிக்கொண்டு வாசலில் நின்றவனுக்குச் சமம்.

அப்படி ஒரு திங்கட்கிழமையில்தான் வினை ஆரம்பித்தது.

"படம் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார் தலைமை எழுத்தர் அம்மா. அழுவதில் அந்தக் கட்டடத்திலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. மேசை இழுப்பறையில் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறதோ இல்லையோ, மடித்த கைக்குட்டை நாலு இருக்கும்.

"பாத்தேன்மா."

"எப்படி?"

"பரவாயில்லை. கொஞ்சம் நீளம்."

தட்டச்சு சத்தம் நின்றது. நாலு மேசையில் நாலு தலை நிமிர்ந்தது.

"நீளமா? அம்மா சாகற சீன் உங்களுக்கு நீளமா இருந்துச்சா?"

"முதல் தடவை செத்தப்ப சரியா இருந்துச்சு. ரெண்டாவது தடவை..."

"அது ஃபிளாஷ்பேக்!"

"அதான் சொல்றேன். ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம்தானே."

தலைமை எழுத்தர் அம்மா இழுப்பறையைத் திறந்து ஒரு கைக்குட்டையை எடுத்தார். "நான் மூணு தடவை அழுதேன். இன்டர்வல்லயும் அழுதேன்."

"இன்டர்வல்ல எதுக்கு?"

"படம் நின்னுருச்சேன்னு!"

ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் காத்திருந்தது. "சார், எங்க தெருவுக்கு இன்னிக்கோட பத்தொன்பது நாள் சார்."

அது தையல்காரம்மாவின் குரல். கழுத்தில் அளவு நாடா தொங்க, ஒரு கையில் காலிக் குடத்துடன் தினமும் வருவார். கடைக்குப் போகிற வழியில் இங்கே ஒரு எட்டு. போகும்போது அலுவலகக் குழாயில் குடத்தை நிரப்பிக்கொள்வார். அவருடைய தெருவில் சாலை போடுவதற்காக முனையிலிருந்த வால்வை மூடினார்கள். சாலை போட்டு முடிந்தது. வால்வைத் திறக்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான் சங்கதி. வால்வுக்காரரிடம் சாவி இருந்தது, கையில் பலம் இருந்தது, அரை நிமிட வேலை என்பதும் தெரிந்திருந்தது. உத்தரவு மட்டும் இல்லை. உத்தரவு கோட்ட அதிகாரியின் மேசையில், கையெழுத்துக்காக, பச்சை நாடா கட்டிய கோப்புக்குள் இருந்தது. கோட்ட அதிகாரிக்கு அப்போது தலைக்கு மேல் வேலை.

அந்த வேலை அவருடைய மைத்துனர் சம்பந்தப்பட்டது. மனைவியின் ஒரே தம்பி, "உருகுதே உலகம்" என்ற டிவி பாட்டுப் போட்டியில் கடைசிப் பத்துப் பேருக்குள் வந்துவிட்டார். ஒரு மணி நேர நிகழ்ச்சி அது. பாட்டு ஒன்பது நிமிடம் வரும். மீதி நேரத்தில் பாடுகிறவரின் கஷ்டம் வரும். எல்லாருக்கும் ஏதோ ஒரு கஷ்டம் இருந்தது. மைத்துனருக்குத்தான் சிக்கல். அப்பா வசதியானவர், உடம்பு திடமானது, கேட்டதெல்லாம் கிடைத்து வளர்ந்த பிள்ளை. குடும்பமே கூடி உட்கார்ந்து யோசித்ததில், எட்டு வயதில் அவர் வளர்த்த கிளி செத்துப்போனது ஞாபகத்துக்கு வந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். வாராவாரம் அந்தக் கிளி செத்தது. மெதுவாகச் செத்தது, புல்லாங்குழலோடு செத்தது, ஒரு வாரம் கறுப்பு வெள்ளையில் செத்தது.

ஓட்டு போதவில்லை. எனவே சுற்றறிக்கை வந்தது.

"பணியாளர் உணர்வு மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ், அனைத்துப் பணியாளர்களும் மேற்படி நிகழ்ச்சியைக் குடும்பத்துடன் கண்டு, தமது உணர்வுகளைப் படிவம் பதினான்கு-ஆவில் பூர்த்தி செய்து, செவ்வாய்க்கிழமை அலுவல் நேரம் முடிவதற்குள் சமர்ப்பிக்கக் கடமைப்பட்டுள்ளார்கள்."

துறையில் அதுவரை அவ்வளவு நல்ல படிவத்தை யாரும் அச்சடித்ததில்லை. எந்தக் கட்டத்தில் கண் கலங்கியது, ஒரு கண்ணா இரு கண்களுமா, நீர் இமையோடு நின்றதா கன்னத்தில் இறங்கியதா, துடைத்தது கைக்குட்டையாலா புறங்கையாலா என்றெல்லாம் தனித்தனிக் கட்டம் இருந்தது. கடைசியில், கண்ணீரை நேரில் கண்ட குடும்ப உறுப்பினர் ஒருவரின் கையொப்பம். தலைமை எழுத்தர் அம்மாவுக்கு இடம் போதாமல் மூன்று தாள் இணைத்தார்.

பரவாயில்லையார் மனைவியோடும் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகளோடும் உட்கார்ந்து நிகழ்ச்சியை முழுதாகப் பார்த்தார். பாட்டைக் கவனித்துக் கேட்டார். பிறகு பேனாவை எடுத்து, கட்டங்கள் அனைத்துக்கும் குறுக்கே "கண் கலங்கவில்லை" என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில், "கிளி போன வாரமே இறந்துவிட்டது" என்று எழுதினார்.

மனைவி சாட்சிக் கையெழுத்தைப் போட்டு, தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். "இவர் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான்."

வியாழக்கிழமை குறிப்பாணை வந்துவிட்டது. தண்ணீர்க் கோப்புகள் எதுவும் அந்தக் கட்டடத்தில் அத்தனை வேகமாக நகர்ந்ததில்லை.

"தாங்கள் மேற்படி கிளியின் மறைவின்போது கண் கலங்கத் தவறியது துறையின் கவனத்துக்கு வந்துள்ளது. கண்ணீர் வராமைக்கு முன் அனுமதி பெறப்பட்டதா? பெறப்படவில்லையெனில், தங்கள்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு தினங்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்."

பரவாயில்லையார் அதை இரண்டு தடவை படித்தார். கண்காணிப்பாளர் பதவிக்கான பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. பதினோரு வருடம் காத்திருந்து ஏறிய இடம் அது. மகளை மேற்படிப்புக்கு அனுப்புவது, இந்த இரண்டு அறை வீட்டை விட்டுக் கொஞ்சம் பெரிய வீட்டுக்குப் போவது என்று எல்லாத் திட்டமும் அந்த நாற்காலியை நம்பித்தான் இருந்தது.

"ஒரு சொட்டு விட்டுட்டு வந்துருக்கலாமில்ல?" என்றார் மனைவி. "என்ன கொறஞ்சா போயிடுவீங்க?"

"வரலையே."

"எனக்கு மட்டும் வந்துச்சா? நான் சும்மா துடைச்சேன்."

விளக்கத்தோடு மருத்துவச் சான்றும் இணைக்க வேண்டும் என்றார்கள். கண் டாக்டரிடம் போனார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார்.

"வெங்காயம் நறுக்கினா தண்ணி வருதா?"

"வருது டாக்டர்."

"தூசி விழுந்தா?"

"வருது."

"அப்ப என்னதான் பிரச்னை?"

"கிளி செத்தா வர மாட்டேங்குது."

டாக்டர் விளக்கை அணைத்தார். "அந்த எபிசோடா? நானே ரொம்ப உடைஞ்சு போயிட்டேன். அன்னிக்கு ரெண்டு பேஷண்ட்டைத் திருப்பி அனுப்ப வேண்டியதாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே, கண்ணீர்ச் சுரப்பிகள் இரண்டும் நல்ல நிலையில் இருப்பதாகச் சான்று எழுதிக் கொடுத்தார்.

அதுதான் அவரைக் கவிழ்த்தது. சான்றைப் படித்த கோட்ட அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இல்லாதவன் குடுக்கலைன்னா மன்னிக்கலாம். இவர்கிட்ட இருக்கு. இருந்தும் குடுக்கலை. இதுக்குப் பேரு பதுக்கல்."

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கோட்ட அதிகாரி தலைவர். தலைமை எழுத்தர் அம்மா உறுப்பினர். மூன்றாவது உறுப்பினரைத் தேடுவதற்குள் நாள் நெருங்கிவிட்டதால், தலைவரே மூன்றாவது உறுப்பினராகவும் இருக்க இசைந்தார்.

விசாரணை அறையில் டிவி வைத்திருந்தார்கள். நேரடிச் சோதனை என்று பெயர். கிளி சாகும் கட்டத்தைப் போடுவார்கள், அவர் பார்க்க வேண்டும், அவரைக் குழு பார்க்கும். சாட்சியத்துக்காகத் தலைமை எழுத்தர் அம்மா கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டிப் படம் பிடித்தார்.

புல்லாங்குழல் ஆரம்பித்தது. கிளி தலையைச் சாய்த்தது. பரவாயில்லையார் உள்ளத்தில் இருந்த சோகத்தையெல்லாம் திரட்டிப் பார்த்தார். செத்துப்போன அப்பாவை நினைத்தார். கை நழுவும் நாற்காலியை நினைத்தார். கண் வறண்டு எரிந்ததுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு தையல்காரம்மா உள்ளே வந்துவிட்டார்.

"சார், வெளிய யாருமே இல்லை, அதான் வந்துட்டேன். முப்பத்தஞ்சாவது நாள் சார். நேத்து எங்க மாமியார் மூணு தெரு தாண்டித் தண்ணி எடுக்கப் போயி, குடத்தோட வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில கட்டு போடறாங்க, அவங்க என்ன சொல்றாங்க தெரியுமா சார்? 'என்னை விடு, குடம் உடைஞ்சிருச்சா பாரு'ங்கறாங்க." அளவு நாடாவின் நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

பரவாயில்லையாரின் இரண்டு கண்களிலும் நீர் திரண்டது. இமையோடு நிற்காமல் கன்னத்தில் இறங்கியது.

"வந்துருச்சு!" என்று கத்தினார் தலைமை எழுத்தர் அம்மா. "பதினொண்ணு நாப்பத்திரண்டு! இரு கண்களும்!"

கோட்ட அதிகாரி கையை உயர்த்தினார். "இருங்க. இந்தக் கண்ணீர் யாருக்கு வந்ததுன்னு தெளிவுபடுத்தணும். டிவியில கிளி செத்துக்கிட்டிருக்கு. இந்தப் பக்கம் இந்தம்மா பேசினாங்க. கிளிக்குன்னா விசாரணை இத்தோட முடிஞ்சுது. சொல்லுங்க."

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாற்காலி, பெரிய வீடு, மகளின் படிப்பு எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் வரிசையாக நின்றன. அவர் ஒடிந்த கையை நினைத்தார், அந்தக் குடத்தை நினைத்தார்.

"இந்தம்மாவுக்குத்தான் சார்."

"படிவத்துல இல்லாத விஷயத்துக்கு அழுதிருக்கார்" என்று எழுதச் சொன்னார் கோட்ட அதிகாரி. பதவி உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. தையல்காரம்மாவை வெளியே போகச் சொன்னார்கள்.

தலைமை எழுத்தர் அம்மா மட்டும் போக விடவில்லை. அழுகையை எடை போட்டுப் பார்க்கத் தெரிந்தவர் அவர். பரவாயில்லையாரையே கரைத்த கதை லேசுப்பட்டதாக இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. தையல்காரம்மாவை மேலும் கீழும் புதுசாகப் பார்த்தார்.

"ஏம்மா, நீ பாடுவியா?"

"மெஷின்ல உக்காந்தா ஏதோ முணுமுணுப்பேன்மா."

அன்று மாலையே அந்தக் கைப்பேசிப் படம் ஊரெல்லாம் சுற்றியது. மறுநாள் வெளியூர்களில் சுற்றியது. நாலாம் நாள் "உருகுதே உலகம்" நிகழ்ச்சியிலிருந்து தையல்காரம்மாவுக்கு வண்டி வந்தது. அங்கே அந்த சீசனில் உண்மையான கஷ்டத்துக்கு ரொம்பத் தட்டுப்பாடாம். கிளியைத் தவிர, பல் டாக்டரைப் பார்க்கப் பயப்படுகிற ஒருவரும், சின்ன வயதில் லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒருவரும்தான் மிச்சமிருந்தார்களாம்.

தையல்காரம்மா நிஜமாகவே நன்றாகப் பாடினார். அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. குடத்தைத்தான் கவனித்தார்கள். அவர் கொண்டுபோன குடம் பார்க்கப் புதுசாக இருக்கிறதென்று, அங்கிருந்தவர்களே அதைத் தரையில் தேய்த்து இரண்டு இடத்தில் நசுக்கிக் கொடுத்தார்கள். மாமியார் கட்டுப் போட்ட கையோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார். கட்டுப் பிரிக்க வேண்டிய நாள் வந்தபோது, இன்னும் நாலு வாரம் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். நடுவர்கள் மூவரும் அவர் பாடி முடிக்கும் வரை தண்ணீர் குடிக்க மாட்டோம் என்று சபதம் செய்தார்கள். அவர் பாடியது மூன்று நிமிடம். நிகழ்ச்சியை வழங்கியது பாட்டில் தண்ணீர் விற்கும் ஒரு கம்பெனி.

நாடு அழுதது. அலுவலகம் அழுதது. படிவம் பதினான்கு-ஆ கட்டுக் கட்டாகத் தீர்ந்து மறுபடி அச்சடிக்கப் போனது. தையல்காரம்மாவின் தெருவுக்குத் தண்ணீர் இல்லையே என்று தலைமை எழுத்தர் அம்மா தேம்பித் தேம்பி அழுதபோது, அந்தக் கோப்பு பக்கத்து அறையில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், அதே பச்சை நாடாவோடு கிடந்தது.

"அம்மா, அதைக் கையெழுத்துக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்தலாமே" என்று பரவாயில்லையார் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"சார், நான் இப்ப இருக்கற நிலைமையில ஆபீஸ் வேலை பேசாதீங்க" என்றார் அவர், அடுத்த கைக்குட்டையை எடுத்தபடி.

கடைசியில் கோப்பை நகர்த்தியதும் கிளிதான். தையல்காரம்மாவுக்கு ஓட்டு மலைபோலக் குவிந்து மைத்துனர் நாலாம் இடத்துக்குச் சரிந்த மறுநாள், கோட்ட அதிகாரிக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. அந்தத் தெருவில் தண்ணீர் வந்துவிட்டால்? அந்தம்மா மேடையில் எதைச் சொல்லி அழுவார்? வெறும் குரல்தானே மிஞ்சும்?

மணியடித்துப் பரவாயில்லையாரைக் கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது. "எண்பத்தொரு நாளா ஒரு தெருவே தண்ணியில்லாமத் தவிக்குது. நமக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? இந்தாங்க, கையெழுத்து போட்டாச்சு. இப்பவே போங்க. நீங்களே நேர்ல நின்னு திறக்கச் சொல்லுங்க."

பரவாயில்லையாருக்குக் கால் தரையில் பாவவில்லை. காரணத்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. கையெழுத்து கையெழுத்துதான், தண்ணீர் தண்ணீர்தான். வால்வுக்காரரைக் கூட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் தெருமுனைக்குப் போனார். வால்வுக்காரர் இரும்பு மூடியைத் தூக்கி, சாவியை இறக்கினார்.

"யாரது? எடு கையை!"

எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு பெரியவர் கத்தினார். கதவுகள் திறந்தன. ஐந்து நிமிடத்தில் தெரு முழுக்க முனையில் வந்து நின்றது. பரவாயில்லையார் உத்தரவை உயர்த்திக் காட்டினார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. நல்ல செய்திதான். தண்ணி வரப்போகுது."

"யார் சார் கேட்டா?"

"நீங்கதான். தொண்ணூறு பேர் கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கீங்களே."

"அது எப்பவோ சார்! அடுத்த வாரம் ஃபைனல்!" என்றார் ஒரு பெண். "தண்ணி வந்துருச்சுன்னு தெரிஞ்சா எவன் ஓட்டுப் போடுவான்?"

"சதி சார் இது" என்றார் பெரியவர். "கிளிக்காரன் வேலை."

அது ஓரளவு உண்மையாகவும் இருந்ததால் பரவாயில்லையார் உயர்த்திய உத்தரவைக் கீழே இறக்கினார். நாலு பேர் இரும்பு மூடியை மறுபடி மூடி, அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தையல்காரம்மா வந்தார். முகத்தில் மேடைக்குப் பூசிய பவுடர் காதோரம் இன்னும் ஒட்டியிருந்தது. அவரால் பரவாயில்லையாரை நேராகப் பார்க்க முடியவில்லை.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. எனக்காக அழுத முதல் ஆளு நீங்கதான்."

"நீங்க நல்லாப் பாடறீங்கம்மா. தண்ணி வந்தாலும் ஜெயிப்பீங்க."

"நல்லாப் பாடறவங்க முதல் வாரமே நாலு பேரு வீட்டுக்குப் போயிட்டாங்கண்ணா" என்றார் அவர் தணிந்த குரலில். "எங்களுக்குன்னு கேக்கறதுக்கு இத்தனை நாள் யார் இருந்தா? இப்பத்தான் ஊரே கேக்குது. ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் தண்ணி வேணாம்."

வால்வுக்காரர் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டார். அவருடைய பணிக்காலத்தில் உத்தரவு இருந்தும் வால்வு திறக்க முடியாமல் திரும்பியது அதுவே முதல் முறை. போகிற வழியில், "சார், நானும் அந்தக்காவுக்குத்தான் ஓட்டுப் போடறேன்" என்று ஒப்புக்கொண்டார்.

தையல்காரம்மா ஜெயித்தார். பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். இறுதிச் சுற்றில் மைத்துனர், கிளி சாகவில்லை, பறந்துதான் போனது என்ற உண்மையை மேடையிலேயே போட்டு உடைத்தும் பலிக்கவில்லை. பரிசாக ஒரு வீடு கொடுத்தார்கள். ஊரின் இன்னொரு கோடியில், எந்நேரமும் தண்ணீர் வரும் தெருவில் இருந்தது அந்த வீடு. அவர் மாமியாரோடும் மெஷினோடும் அங்கே குடிபோனார்.

பழைய தெருவுக்கு இனித் தண்ணீரைத் திறக்கலாம் என்று நினைத்து, பரவாயில்லையார் மறுபடி ஆளனுப்பினார். அங்கே நாற்காலியை எடுக்க மறுத்துவிட்டார்கள். எதிர்வீட்டுப் பெரியவரின் பேத்திக்கு நல்ல சாரீரமாம். அடுத்த சீசன் தேர்வு மூன்று மாதத்தில் வருகிறதாம்.

சரியாக அடுத்த வாரம் அதற்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு மனு வந்தது. "எங்கள் பகுதிக்குத் தடையின்றித் தண்ணீர் வந்துகொண்டிருப்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். இதனால் எங்கள் பிள்ளைகளின் எதிர்காலம் பாதிக்கப்படுவதால், உடனடியாக நிறுத்தித் தருமாறு வேண்டுகிறோம்." மறுநாள் நாலு மனு. மாதக் கடைசிக்குள் நாற்பது. சில தெருக்கள் பெரிய இடத்துச் சிபாரிசோடு வந்தன.

மக்களின் குரலைப் புறக்கணிக்கும் வழக்கம் துறைக்கு இல்லாததால், நீர் நிறுத்தப் பிரிவு என்று புதிதாக ஒரு பிரிவு தொடங்கினார்கள். தையல்காரம்மா தன் வெற்றிப் பேச்சில், "எனக்காக முதல்ல அழுதது தண்ணி ஆபீஸ் அண்ணன் ஒருத்தர்" என்று சொல்லியிருந்ததால், இப்போது அவரை ஒதுக்கினால் நன்றாக இருக்காது. நிறுத்திவைத்த பதவி உயர்வை எடுத்து நீட்டி, பரவாயில்லையாரை அந்தப் பிரிவின் கண்காணிப்பாளராக்கினார்கள். மேசைக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். அவர் மனுக்களை வந்த தேதிப்படி அடுக்கி, எவருக்கும் சலுகை காட்டாமல், கூடுமானவரை தாமதப்படுத்திக்கொண்டிருந்தார். தன்னால் செய்யக்கூடிய நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று நினைத்தார்.

ஒரு புதன்கிழமை, முப்பத்தெட்டாவதாக இருந்த மனுவைப் புரட்டியபோது தெருவின் பெயர் பழகியதாக இருந்தது. அவருடைய தெரு. முதல் கையெழுத்தும் பழகியதுதான். இரண்டாவது கையெழுத்து மகளுடையது.

வீட்டுக்குப் போனதும் மனுவை மனைவி முன்னால் வைத்தார். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன இது?"

"பாத்தா தெரியலையா? பொண்ணு நல்லாப் பாடறா. தேர்வுக்குப் போறா."

"போகட்டும். நல்லாப் பாடட்டும்."

"பாடினா போதுமா?" மனைவி சிவப்புப் பேனாவை மூடினார். "அங்க போய் நின்னா முதல்ல உன் கஷ்டம் என்னன்னு கேப்பாங்க. அவ என்ன சொல்லுவா? உங்களுக்கு நிரந்தர உத்தியோகம். எனக்கும் உத்தியோகம். வீட்ல யாருக்கும் சளிகூடப் பிடிக்கலை. குடிக்கறதில்லை, அடிக்கறதில்லை, ஒரு கிளிகூட வாங்கிக் குடுத்ததில்லை. இருபத்தி மூணு வருஷமா குடும்பம் நடத்தறீங்களே, வெளிய சொல்லிக்கற மாதிரி ஒரே ஒரு கஷ்டம் எங்களுக்குக் குடுத்திருக்கீங்களா?"

மகள் அறைக் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "விடுங்கம்மா. அப்பா என்ன பண்ணுவார், பாவம்" என்றாள். அந்தப் பாவம்தான் அவர் நெஞ்சில் தைத்தது. ஊரில் ஒவ்வொரு தகப்பனும் பிள்ளைக்காக எதையாவது தேடி வைத்திருக்கிறான். தான் மட்டும் ஒன்றும் இல்லாமல் கையை வீசிக்கொண்டு வந்து நிற்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை, முப்பத்தெட்டாவது மனுவை உருவி எடுத்து முதலாவதாக வைத்தார். கையெழுத்து போட்டார். தேதி போட்டார். உத்தரவை யாரிடமும் கொடுத்தனுப்பாமல் தானே வால்வுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சாயந்திரம் அவருடைய தெருவாசிகள் எல்லோரும் பொதுக்குழாயைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்து நின்றார். குழாய் திறந்திருந்தது, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தெருமுனையில் வால்வுக்காரர் குனிந்தார். அரை நிமிடம். தாரை மெலிந்து நூலாகி, குழாய் இரண்டு தடவை இருமி, ஒரு சொட்டை விட்டு நின்றது.

தெரு கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"சார், நீங்க நல்லா இருக்கணும். எங்க பசங்களுக்கும் ஒரு வழி பண்ணிட்டீங்க."

குடிநீர் வழங்கல் துறையில் அவர் சேர்ந்து இருபத்திரண்டு வருடமாகிறது. பொதுமக்களில் ஒருவர் அவருக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.